ஹோஸ்டிங் வாங்குமுன் கன்ட்ரோல் பேனலைப் பாருங்கள்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும் விற்கிற கடைக்காரர் ஒருவர் போன வாரம் கல்லடிக்கு என்னிடம் வந்து, "தம்பி, கடைக்கு வெப்சைட் போடப் போறன், ரெண்டு கொம்பனி பார்த்து வெச்சிருக்கன், ஒண்டில சிபேனல் எண்டிருக்கு, மற்றதில அவங்கட சொந்தப் பேனலாம், எது நல்லம்?" என்று கேட்டார். விலையைத் தவிர வேறெதையும் அவர் பார்த்திருக்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஹோஸ்டிங் என்றால் எங்கேயோ ஓடுகிற ஒரு கணினியில், அதாவது சர்வரில், உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிற இடம். அதற்குள் கோப்பு ஏற்ற, மின்னஞ்சல் முகவரி திறக்க, தளத்தின் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் உண்டாக்க, தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைக் காக்கும் எஸ்எஸ்எல் போட எல்லாவற்றுக்கும் கட்டளைகள் இருக்கின்றன. அந்தக் கட்டளைகளைத் தெரியாமலே பொத்தானை அழுத்தி வேலையை முடிக்க உதவுகிற பக்கம்தான் கன்ட்ரோல் பேனல், சிபேனல் அவற்றில் ஒன்று.

படி 1: சர்வரை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்?

பலர் ஒரே சர்வரைப் பகிர்கிற ஷெயார்ட் ஹோஸ்டிங் வாங்கினால் பேனல் அதோடு வரும், சர்வரைக் கொம்பனி பார்த்துக்கொள்ளும். விபிஎஸ், அதாவது ஒரு சர்வரில் உங்களுக்கென்று தனியாகப் பிரித்துத் தருகிற பங்கு, எடுத்தால் பெரும்பாலும் பேனலை நீங்களே நிறுவ வேண்டும், அப்டேட் போடுவதும் ஓட்டை அடைப்பதும் உங்கள் தலையில். இலவசப் பேனல்கள் நல்லவை நிறைய உண்டு, ஹெஸ்டியா, வேர்ச்சுவல்மின், சைபர்பேனல், கிளவுட்பேனல் என்று. ஆனால் 2024 ஒக்டோபரில் சைபர்பேனலில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவந்ததும், அது இருந்த ஏராளமான சர்வர்களுக்குள் காசு கேட்டு மிரட்டுகிற ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப்போட்டது. அப்படியொரு செய்தி வந்த இரவே உட்கார்ந்து அப்டேட் போட உங்களால் முடியுமா? முடியாதென்றால் ஷெயார்ட் ஹோஸ்டிங்தான் சரி. ஒரு கடைக்கு, ஒரு கோயிலுக்கு, ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு அது போதும்.

படி 2: லினக்ஸா, விண்டோஸா?

சர்வரை ஓட்டுகிற இயங்குதளம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் என்றால் லினக்ஸ், யோசிக்கவே வேண்டாம். ஏஎஸ்பி டொட் நெட்டில் எழுதிய மென்பொருள் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் சர்வர் கேட்பார்கள், அப்போது பிளெஸ்க் என்ற பேனல் உள்ள இடத்தைத் தேடுங்கள், ஏனென்றால் சிபேனல் லினக்ஸில் மட்டும்தான் ஓடும்.

படி 3: எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது

சிபேனல் 1996 முதல் இருக்கிறது, ஆகப் பழக்கமானது, எந்தச் சந்தேகத்துக்கும் யாரோ ஒருவர் வீடியோ போட்டு வைத்திருப்பார். 2019இல் அவர்கள் உரிமக் கட்டணத்தை ஒரு சர்வரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று எண்ணி வாங்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு பல ஹோஸ்டிங் கொம்பனிகள் விலையை ஏற்றின, சில டிரெக்ட்அட்மின் என்ற இன்னொரு பேனலுக்கு மாறின. டிரெக்ட்அட்மின் எளிமையானது, சர்வருக்குப் பாரம் குறைவு, எனக்குப் பிடிக்கும். ஹோஸ்டிங்கர் போன்றவர்கள் தங்கள் சொந்தப் பேனலையே தருகிறார்கள். பார்க்க அழகாகவும் பழக இலகுவாகவும் இருக்கும், ஆனால் அடுத்த படியை வாசிக்காமல் அதற்குக் காசு கட்டாதீர்கள்.

படி 4: வெளியே போகும் வழி இருக்கிறதா?

என்னைக் கேட்டால் பேனலைத் தெரிவு செய்ய இந்த ஒரு கேள்வி போதும். சில வருடங்களுக்கு முன் ஒரு கழகத்துக்குத் தளம் செய்து கொடுத்தேன். முதல் வருடம் மிக மலிவு, கொம்பனியின் சொந்தப் பேனல். இரண்டாம் வருடப் பில் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. சரி, வேறிடம் போவோம் என்று பார்த்தால், பேக்கப் என்று ஒரு பொத்தான் இருந்தது, அது அதே இடத்தில் திரும்பப் போடத்தான் உதவியது, கணினிக்கு இறக்க வழியில்லை. படங்களைக் கோப்பு ஏற்றி இறக்கும் வழியான எஃப்டிபியில் ஒவ்வொரு ஃபோல்டராக இறக்கி, டேட்டாபேஸை பிஎச்பிமைஅட்மின் என்ற கருவி வழியாக எடுத்து, மின்னஞ்சல்களை வேறாக நகர்த்தி மூன்று இரவு போனது. இரண்டு பெட்டிகளில் இருந்த பழைய மின்னஞ்சல்கள் வரவேயில்லை. அதில் ஒன்று செயலாளருடையது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சிபேனலில் முழு பேக்கப் எடுத்தால் கோப்பு, டேட்டாபேஸ், மின்னஞ்சல் எல்லாம் ஒரே பொதியாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முழுப் பொதியை நீங்களாகத் திரும்பப் போட முடியாது, புதிய கொம்பனிதான் தன் பக்கத்தில், ஹோஸ்டிங் கொம்பனிகளின் நிர்வாகப் பக்கமான டபிள்யூஎச்எம் வழியாகப் போட்டுத் தர வேண்டும். ஆகவே வாங்குமுன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முழு பேக்கப்பை நானே இறக்கலாமா? வேறிடத்துப் பேக்கப்பைக் கொண்டு வந்தால் காசில்லாமல் போட்டுத் தருவீர்களா? சிபேனல் பேக்கப்பை டிரெக்ட்அட்மினும் ஏற்கும் என்பதால் சிபேனலிலிருந்து டிரெக்ட்அட்மினுக்குப் போகப் பாதை திறந்திருக்கிறது.

படி 5: தமிழைப் போட்டுப் பாருங்கள்

இதைப் பலர் விடுகிறார்கள். டேட்டாபேஸ் உண்டாக்கியதும் அதன் எழுத்துக் குறிமுறை, தமிழைச் சரியாகச் சேமிக்கிற யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். லத்தீன்1 என்று கிடந்தால் மாற்றுங்கள், அது தமிழைத் தாங்காது. பிறகு ஒரு பதிவில் "மட்டக்களப்பு" என்று எழுதிச் சேமித்துத் திறந்து பாருங்கள். வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்ட எழுத்து திரும்பி வராது, அதனால் இருநூறு பொருட்களின் விவரத்தை ஏற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை. படங்களின் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்ப் பெயர் சிப், அதாவது பல கோப்பை ஒன்றாகச் சுருக்கிய பொதி, பிரிக்கும்போது சில வேளை சிதையும். டொட் இலங்கை என்று தமிழ் முகவரி எடுப்பவர்களுக்கு, பேனலுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஒரு நீளமான எழுத்து வரிசையாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம், அதே முகவரிதான்.

படி 6: டெமோவைப் போனில் திறங்கள்

பெரிய பேனல்கள் பலவற்றுக்கு டெமோ உண்டு. டேட்டா கார்டில் வேலை செய்பவர்களுக்கு ஃபைல் மேனேஜரில் சிப் பிரிக்கிற வசதி கட்டாயம் வேண்டும், ஆயிரம் சிறு கோப்பை ஏற்றுவதை விட ஒரே சிப்பை ஏற்றி உள்ளே பிரிப்பது எவ்வளவோ வேகம். லெட்ஸ் என்கிரிப்ட் தருகிற இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் 90 நாளுக்குள் முடியும், அது தானாகப் புதுப்பிக்குமா என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பை நீங்களே மாற்ற முடிய வேண்டும். கடை பெயரில் மின்னஞ்சல் வேண்டுமென்றால் எத்தனை பெட்டி தருகிறார்கள் என்றும் பாருங்கள். கிளவுட்பேனலில் மின்னஞ்சல் சர்வரே கிடையாது.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, உங்கள் பெயரிலேயே பதியுங்கள். டொட் எல்கே என்றாலும் டொட் கொம் என்றாலும் டொமைன் உங்கள் கையில் இருந்தால், கொம்பனி மாறும்போது, முகவரி எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டுகிற நேம்சர்வரை மாற்றினால் போதும். பேனல் கிடைத்த அன்றே இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, ஒரு பேக்கப்பை எடுத்து லேப்டொப்பில் இறக்கி, அதைத் திறந்தும் பாருங்கள்.

மருதமுனைக் கடைக்காரர் நாலாம் படியின் இரண்டு கேள்விகளையும் இரண்டு கொம்பனிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சிபேனல்காரர் இரண்டுக்கும் ஆம் என்று எழுதியிருக்கிறார். மற்றவர் விலைப்பட்டியலைத்தான் திரும்பவும் அனுப்பினார்.