லோடிங் திரையில் ஆட்களைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்

ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒரு சின்ன மொபைல் கேமை சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் புது மலை, புது மரங்கள் போனில் ஏற (லோடாக) வேண்டும். விலை குறைந்த போனில் அது நேரம் பிடிக்கும்.

முதலில் அந்தச் சுற்றும் வட்டத்தைத் தூக்குங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். என் லோடிங் திரையில் சதவீதம் கிடையாது, ‘7/20’ என்று வளைவுப் பலகைதான். பஸ் ஏற ஏற எண் கூடும். நம்மூர் ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்கிறீர்களா? காட்சியைப் பின்னணியில் ஏற்றும் லோட்சீன்அசிங்க் போட்டு, ஏறியதும் தானாகக் காட்சி மாறாமலிருக்க அலோசீன்ஆக்டிவேஷனை ஃபால்ஸ் என்று வைத்தால், எவ்வளவு ஏறியது என்று சொல்லும் ப்ராக்ரஸ் 0.9-இல் நின்றுவிடும். அதை 0.9-ஆல் வகுத்து, பிறகு 20-ஆல் பெருக்குங்கள். வகுக்காவிட்டால் பஸ் 18-வது வளைவிலேயே நிற்கும். ஆடுகிறவர் போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைப்பார். புதுக் காட்சி தொடங்கும்போதே ஓடும் அவேக், ஸ்டார்ட் பகுதிகளில் கனமான வேலைகளையும் குவிக்காதீர்கள். கடைசி நொடியில் எல்லாம் உறைந்து போகும்.

அப்புறம், கைக்கு வேலை கொடுங்கள். பிளேஸ்டேஷனில் ரிட்ஜ் ரேசர் என்ற கார் பந்தய கேம் ஏறும்போது கேலக்ஸியன் என்ற பழைய சுடும் கேமை ஆடலாம். லோடிங் நேரக் குட்டி விளையாட்டுக்கு அதைச் செய்த நாம்கோ நிறுவனம் காப்புரிமையே வாங்கி வைத்திருந்தது. 2015-இல் அது காலாவதியானது. இப்போது தாராளமாகச் செய்யலாம். என்னுடையதில் வளைவு வரும்போது ஹார்ன் அடிக்க வேண்டும், அடித்தால் ரோட்டில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் சுவரில் தாவும். அவ்வளவுதான். மதிப்பெண் வைக்கவில்லை, வைத்தால் லோடிங் முடிந்ததற்கே கோபப்படுவார்கள். ஏறி முடிந்ததும் பாதியில் பிடுங்காமல் ‘கிளம்பலாம்’ என்று ஒரு பட்டன் காட்டுங்கள். தொட்டால் மட்டும் அலோசீன்ஆக்டிவேஷனை ட்ரூ ஆக்குங்கள்.

குறிப்பு வரிகள் எழுதினால் ‘பிரேக்கை அழுத்தவும்’ மாதிரி உப்புச்சப்பில்லாமல் வேண்டாம். என் திரையில் கண்டக்டர் பேசுகிறார்: “ஏறுற வண்டிக்கு வழி விடுப்பா”, “இறக்கத்துல நியூட்ரல்ல விடாதே”. இரண்டுமே நிஜ மலைப்பாதை விதிகள், கேமிலும் உதவும். படித்து முடிக்கும் வரை வரியை மாற்றாதீர்கள்.

இதெல்லாம் மெதுவாக ஏறும் போனுக்கு. நல்ல போனில் ஓரிரு நொடியில் முடிந்துவிட்டால் பலகை, குரங்கு, கண்டக்டர் எதையும் காட்ட வேண்டாம், மின்னி மறைந்தால் எரிச்சல்தான். திரையை இருட்டாக்கி நேராக உள்ளே விட்டுவிடுங்கள்.