ஸ்பேக்னம் பாசிக்கு மழைத்தண்ணீர் மட்டும்

உயிருள்ள ஸ்பேக்னம் மாஸ் வளர்க்கிறீர்களா? குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் நிறுத்திவிட்டு மழைத்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், அதையும் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் வாளி வைத்து நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். உரம் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பாசிக்கு வேர் கிடையாது, உடம்பு முழுவதாலும் தண்ணீரை உறிஞ்சுகிறது, அதனால் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதெல்லாம் அப்படியே அதன் மேல் தங்கிவிடும். இது சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லாத, புளிப்பான சதுப்பு நிலத்துச் செடி. சுண்ணாம்பு கரைந்த கடினத் தண்ணீர் அந்தப் புளிப்பைக் கெடுத்துவிடும், அப்புறம் நட்சத்திரம் போல விரிந்திருக்கும் பச்சைத் தலை பழுப்பாகிக் கருகிப்போகும்.

சிமெண்ட் தொட்டியில் சேர்த்த மழைத்தண்ணீருக்கு இது பொருந்தாது, சிமெண்டிலிருந்தே சுண்ணாம்பு இறங்கும். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையும் தூசிதான், விட்டுவிடுங்கள். ஆர்ஓ தண்ணீர் என்றால், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 50க்குக் கீழே காட்டினால் சரி, ஆனால் சுவைக்காகத் தாது சேர்க்கும் மெஷின்களில் பெரும்பாலும் அதற்கு மேல்தான் காட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் மழைத்தண்ணீர் மட்டுமே போதும், சென்னை மே மாத வெயிலில் எந்தத் தண்ணீரும் காப்பாற்றாது, அங்கே குளிர்ந்த இடம்தான் முதல் தேவை. சுவரில் தானாக முளைக்கும் சாதாரணப் பாசிக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை.