விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள்

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) ஜெபப் புத்தகத்தை எடுத்து, காலை ஜெபமும் மாலை ஜெபமும் தினமும் சொல்வதென்று தொடங்குகிறவர்களில் பலர் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சோம்பல் என்று சொல்ல மாட்டேன்; கணக்குதான் காரணம். மூன்று நாள் தவறிப்போகும். அந்த மூன்று நாளுக்கு உரிய சங்கீதங்களையும் (வேதாகமத்தின் துதிப்பாடல்கள், புலம்பல்கள்) முடித்துவிட்டுத்தான் இன்றையதைத் தொட வேண்டும் என்று நினைப்பார்கள். கடன் ஏறும், புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த ஜெபப் புத்தகத்தின் 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் 150 சங்கீதங்களும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேதியைப் பார்த்தால் போதும். இன்று 12 என்றால் 12ஆம் நாளுக்கு உரியது. 9ஆம் தேதி விட்டது அடுத்த மாதம் தானே வரும். 31ஆம் தேதி வந்தால் 30ஆம் நாளுக்கு உரியதையே மறுபடி சொல்வது வழக்கம். 15ஆம் தேதி மாலை மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்: 78ஆம் சங்கீதம் முழுவதும், எழுபதுக்கு மேற்பட்ட வசனங்கள்!

வாசிக்கும் வேகத்தில் இன்னொரு தவறு. சங்கீத வசனம் இரண்டு பாதியாக இருக்கிறது. நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். இரண்டு அணியாக மாறி மாறிச் சொல்லும்போது பலரும் அந்த மூச்சை விழுங்கிவிட்டு, எதிர் அணி முடிப்பதற்குள் தங்கள் வசனத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

பாவ அறிக்கைக்குப் பின் வரும் பாவமன்னிப்பு வார்த்தைகள் குருவானவருக்கு மட்டுமே உரியவை. வீட்டில் சொல்கிறவர்கள் அதைத் தாங்களே வாசித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் மன்னிப்பு கேட்கும் ஒரு சிறு ஜெபம் போதும்.

பிறகு, குழப்பிக்கொள்வது. மடங்களில் நாளுக்குப் பல வேளை நடந்த ஜெபங்களை 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கினார். எதை வாசிப்பது என்று தேடுவதே வாசிப்பதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது என்று பழைய முறையைப் பற்றி அந்தப் புத்தகத்தின் முன்னுரையே குறைப்படுகிறது. மூன்று செயலியும் நான்கு அட்டவணையும் வைத்துக்கொண்டு தினமும் புரட்டுகிறவர்கள் அந்தப் பழைய தொல்லையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, மனநிலைக்குத் தக்க சங்கீதத்தைத் தேர்ந்தெடுப்பது. 17ஆம் தேதி காலை 88 வரும். ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லாமல், நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு முடியும். வீட்டில் கல்யாணமே நடந்தாலும் அன்றைக்கு அதுதான். அதைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு, கர்த்தரின் கிருபைகளைப் பாடுவேன் என்று அன்று மாலையே 89 தொடங்குவதன் கனம் தெரியாது.