எந்தச் சென்னை? நகரக் கல்விக் கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரக் கல்விக் கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குகிறவர்களின் முன்மொழிவுகளைச் சில ஆண்டுகளாகவே வாசித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் கல்வி இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. நகரம் மட்டும் தலைப்போடு நின்றுவிடுகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளைப் பற்றி என்று தொடங்கும் முன்மொழிவில், சென்னை என்று வரும் இடங்களிலெல்லாம் விழுப்புரம் என்று மாற்றினாலும் ஒரு வாக்கியம்கூடப் பிசகுவதில்லை. மாதிரிப் பள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லும் முகவரியாக மட்டும் நகரத்தைக் கருதுவதுதான் இந்தத் துறையில் நான் காணும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். என் ஆய்வின் முதல் வரைவில், மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளின் மாணவர் சேர்க்கையைக் கூட்டி, அதை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சென்னை மாவட்டத்துக்குத் தந்த பள்ளி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். விகிதம் நம்ப முடியாத உயரத்துக்குப் போனது. கூட்டலில் பிழை தேடி ஒரு வாரம் கழிந்தது. பிழை கூட்டலில் இல்லை, எல்லையில் இருந்தது. கணக்கெடுப்பு நடந்தது 2011 பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அப்போது சென்னை என்பது ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வருவாய் மாவட்டத்தின் எல்லையோ 2018இல்தான் அதற்கு இணையாக மாற்றப்பட்டது. ஆகவே 2011க்கும் 2018க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் 'சென்னை' என்று ஓர் அரசு ஆவணம் சொன்னால், அது மாநகராட்சியா, மாவட்டமா என்று கேட்காமல் ஒரு எண்ணைக்கூட எடுத்தாளக் கூடாது. அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் கீழே எந்த எல்லை, எந்த ஆண்டு என்று குறித்து வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

எல்லைக் குழப்பம் எண்களோடு முடிந்துவிடுவதில்லை. கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் 2011 விரிவாக்கத்திலும் மாநகராட்சிக்குள் வராத ஊராட்சி. நகரத்தின் நடுவில் மாநகராட்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, வீடு மாறிய அன்றே நிர்வாகக் கணக்கில் நகரத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. நகரக் கொள்கையின் விளைவை எல்லோரையும்விடக் கடுமையாக அனுபவிக்கும் அந்தப் பிள்ளை, 'மாநகராட்சி எல்லைக்குட்பட்ட பள்ளிகள்' என்று எல்லை வகுத்துக்கொண்ட ஆய்வின் கண்ணில் படவே படாது. ஆய்வின் எல்லையை நிர்வாக வரைபடம் தீர்மானிக்க விடாமல், ஆய்வுக் கேள்வி தீர்மானிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்த தவறு, அமெரிக்காவில் உருவான சட்டகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது. இந்தத் துறை ஒரு தனிப் படிப்பாக வளர்ந்தது பெரும்பாலும் அங்கேதான். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் முனைவர் பட்டப் படிப்பு இருக்கிறது. ஆனால் அங்கு நகரப் பள்ளி என்ற சொல்லுக்குள் இனப் பாகுபாட்டின் நீண்ட வரலாறு பொதிந்திருக்கிறது. பள்ளிகளைப் பள்ளி மாவட்டம் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. பெரும்பாலான இடங்களில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு. செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டம் 1990இல் மில்வாக்கியில் தொடங்கியதும், அரசுப் பணத்தில் தன்னாட்சியோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு 1991இல் மினசோட்டா இயற்றிய சட்டமும் அந்தப் பின்னணிக்குள் பிறந்தவை. அவற்றைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். 'பள்ளி மாவட்டம்' இருந்த இடத்தில் 'மாநகராட்சி' என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் கூடாது.

இங்கே அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதே முதலில் ஆராய வேண்டிய கேள்வி. கல்வி 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக, மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குச் சென்றது பலருக்கும் தெரியும். அரசமைப்பின் பதினொன்றாம், பன்னிரண்டாம் அட்டவணைகளை அருகருகே வைத்துப் படித்தவர்கள் குறைவு. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணை, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை உள்ளடக்கிய கல்வியை நேரடியாகக் குறிப்பிடுகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலோ பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்த அம்சங்களை மேம்படுத்துதல் என்ற பொதுவான ஒரு வரிதான் இருக்கிறது. பள்ளி என்ற சொல்லே அங்கில்லை. இதையும் மீறிச் சென்னை மாநகராட்சி பள்ளிகளை நடத்துகிறது. சொத்து வரியோடு கல்வி வரியையும் வசூலிக்கிறது. அந்த வரியின் வேர் 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. அதே 1920இல்தான், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தந்தது. மாநில அரசு பிற்காலத்தில் பெரிதாக வளர்த்தெடுத்த ஒரு கொள்கையை ஒரு நகர மன்றம் அத்தனை முன்பே தொடங்கியிருக்கிறது என்பது எத்தனை ஆய்வுகளுக்கு இடம் தரும் செய்தி! கொள்கை வரலாற்றை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தோ 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்தோ தொடங்குகிறவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

இன்றைய நிலவரமும் சிக்கலானதுதான். ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளி, பள்ளிக்கல்வித் துறையின் அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று இருக்கக்கூடும். மாநகராட்சிப் பள்ளியின் கட்டடம் மாநகராட்சிக்கு உரியது. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் மாநில அரசின் பொறுப்பு. 'அரசுப் பள்ளிகள்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால், கூரை ஏன் ஒழுகுகிறது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட யாரிடம் விடை கேட்பது என்று ஆய்வாளருக்குத் தெரியாமல் போகும்.

தரவுகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கு, பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிடும் ஏசர் (ASER) அறிக்கையை மேற்கோள் காட்டாத முன்மொழிவைக் காண்பது அரிது. ஆனால் 2005 முதல் நடந்துவரும் அந்தத் தேசியக் கணக்கெடுப்பு ஊரகப் பகுதிகளுக்கானது. நகரத்தைப் பற்றிய ஆய்வேட்டில் அதை நகரத்துக்கான சான்றாக நிறுத்த முடியாது. இரண்டாவது, நாட்டின் பள்ளிகளைப் பற்றி மத்திய அரசு திரட்டும் யுடைஸ் பிளஸ் (UDISE+) தரவு. 2022–23 முதல் பள்ளிவாரியான மொத்த எண்ணிக்கையை விட்டு, ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தனித்தனியே திரட்டத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட்டு 'சேர்க்கை சரிந்தது' என்று எழுதினால், முறை மாற்றத்தின் விளைவு எது, உண்மையான சரிவு எது என்று தேர்வாளர் கேட்கும்போது விடை இருக்காது.

கொள்கை என்றால் சட்டப்பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு மட்டும்தான் என்று எண்ணிக்கொள்வதும் பரவலாக இருக்கிறது. அது நோக்கத்தைச் சொல்லும் ஆவணம். பணம் எவ்வளவு, யார் பொறுப்பு என்பதை அரசாணை சொல்லும். பள்ளியில் நாளை என்ன நடக்க வேண்டும் என்பதை 'செயல்முறைகள்' என்ற பெயரில் இயக்குநர் பிறப்பிக்கும் ஆணைகளும் சுற்றறிக்கைகளும் சொல்லும். தலைமையாசிரியரின் மேசையிலிருக்கும் கோப்பில் உள்ளவை கடைசி வகை ஆவணங்களே. ஒரு திட்டம் அரசாணையிலிருந்து செயல்முறைகளுக்கு இறங்கும்போது எந்தச் சொல் மாறியது, எந்த நிபந்தனை புதிதாக நுழைந்தது என்று வரிவரியாக ஒப்பிடுவது அலுப்பூட்டும் வேலை. ஆனால் நல்ல ஆய்வேடுகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம். சட்டப்படி 30 நாட்களில் பதில் வர வேண்டும் என்றாலும், மேல்முறையீட்டுக்கும் சேர்த்துக் காலம் ஒதுக்கிக்கொண்டு, முதல் ஆண்டிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

சேர்க்கையின்போது நேரும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நெறியாளர் ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் என்று கேட்கத் தயங்கக் கூடாது. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளர்களை ஏற்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அதே ஒழுங்குமுறையின்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கலாம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் சலுகை உண்டு. ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் இருக்கிறது என்று நம்பி, ஐந்து நகரங்களை ஒப்பிடும் திட்டத்தோடு இறங்குகிறவர்கள் நான்காம் ஆண்டில் ஒரு நகரத்தோடு திரும்புகிறார்கள். எந்தத் துறையில் பதிவு செய்வது என்பதும் வெறும் அலுவல் விஷயமன்று. பொருளியலிலோ சமூகவியலிலோ பதிவு செய்துவிட்டுக் கல்வியியல் கல்லூரியில் ஆசிரியப் பணியை எதிர்பார்ப்பவர், அங்கு எம்.எட். கேட்பார்கள் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனிக் களப்பணி. ஜூனில் பள்ளி திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அதன்பின் பொதுத்தேர்வுப் பரபரப்பு. நடுவில் தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி, மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் இணையத் தளமான எமிஸில் (EMIS) பதிவேற்றம். ஆசிரியரோடு அமைதியாக அமர்ந்து பேசுவதற்கு ஆண்டில் கிடைப்பவை சில வாரங்களே. முதன்மைக் கல்வி அலுவலரிடமோ மாநகராட்சிக் கல்வி அலுவலரிடமோ அனுமதிக் கடிதம் பெறுவதை ஜனவரிக்குத் தள்ளிப் போட்டால், அந்தக் கல்வியாண்டே கைநழுவிவிடும். அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளின் பெயரும் எமிஸ் எண்ணும் உள்ள பதிவேடுகளைப் படம் எடுத்துக்கொள்வதும் கூடாது. தலைமையாசிரியர் இசைந்தாலும் அந்த உரிமை அவருடையது அன்று, பிள்ளையுடையதும் பெற்றோருடையதும் ஆகும்.

கேள்விகளை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பெயர்த்துக்கொண்டு போவது மிக எளிதில் நிகழும் தவறு. மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தாயிடம், 'பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் முடிவைப் பாதித்த காரணிகள் யாவை?' என்ற என் வினாப்படிவத்தின் ஏழாவது கேள்வியை வாசித்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்; பிறகு, 'நல்ல பள்ளிக்கூடம்தான் சார்' என்றார். படிவத்தை மூடி வைத்துவிட்டு, 'காலையில பசங்க எத்தனை மணிக்குக் கிளம்புறாங்கம்மா?' என்று கேட்டேன். மூத்தவன் இன்னும் பழைய பள்ளிக்கே போகிறான், பத்தாம் வகுப்பின் நடுவில் மாற்ற மனம் வரவில்லை, ஆறு மணிப் பேருந்தை விட்டால் முதல் பாடவேளை போய்விடும் என்றார். இளையவளுக்கு இங்கேயே இடம் கேட்டிருக்கிறார்கள். பழைய பள்ளியில் அவள் பெயரை நீக்கி, பள்ளி மாறும் பிள்ளைகளின் பெயர்களை எமிஸில் இடைக்காலமாக வைக்கும் 'காமன் பூலுக்கு' அனுப்பிவிட்டார்கள், புதிய பள்ளியில் இன்னும் ஏற்றவில்லை, அதனால் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறாள். இதைச் சொன்னபோது அந்தச் சிறுமி கதவோரம் பைக்கட்டை மாட்டிக்கொண்டே நின்றிருந்தாள். இரண்டு பள்ளிகளின் வருகைப் பதிவேட்டிலும் அன்று அவள் பெயர் இல்லை. என் படிவத்திலும் அவளுக்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை. அன்றிரவே வினாப்படிவத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன்.