ஹேட்ரியன் சுவருக்கு ஏற்ற மாலை வெயில்

வட இங்கிலாந்தில் ரோமானியர் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரைப் படமெடுக்கப் போகிறீர்களா? ஜூன் மாத மாலையைத் தேர்ந்தெடுங்கள். சுவர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதைத் தாங்கி நிற்கும் கரும்பாறைச் செங்குத்துகள் வடக்கு பார்த்தவை, பெரும்பாலும் நிழலில்தான் கிடக்கும். கோடையில் சூரியன் வடமேற்கில் இறங்குவதால் அந்தப் பாறை முகத்தில் வெயில் சாய்வாக விழுகிறது. ஸ்டீல் ரிக் மேட்டில் நின்று கிழக்கே பாருங்கள்: ஏறி இறங்கும் சுவர், அப்பால் கிராக் லாஃப் ஏரி. அருகே போனால் கல்லின் விளிம்பும் இடுக்கில் படர்ந்த பாசியும் தனித்தனியாகத் தெரியும், அவ்வளவு அழகு! கோணத்துக்காகச் சுவர்மேல் ஏற வேண்டாம், கற்கள் பெயர்ந்துவிடும். காற்று பலமாக அடிக்கும், கேமரா முக்காலியைத் தாழ்வாக வையுங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.30 தாண்டிவிடும், திரும்பி நடக்க டார்ச் அவசியம்.