காய்வதற்குள் கை வைத்தால்: வீட்டுக் கைவினையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. தும்பிக்கை உடைந்த மண் பிள்ளையார், பூசணம் பூத்த காகிதக் கிண்ணம், பாம்பு சட்டை உரித்ததுபோல் பெயின்ட் உரிந்த கண்ணாடி பாட்டில், பாதி உருகிப்போன தெர்மாக்கோல் கோபுரம் என்று, கோடை விடுமுறைகளிலும் கொலுவுக்கு முந்தைய வாரங்களிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து கெடுத்தவை எல்லாம் அதில் கிடக்கின்றன. எறிய மனம் வராமல் சேர்த்தவை. போன மாதம் பரணைத் துடைத்தபோது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கைத்திறமை போதாமல் கெட்டது என்று சொல்ல ஒன்றிரண்டுதான் தேறின. மீதியில் பெரும்பகுதி, ஈரம் போகும்முன் அடுத்த வேலையில் இறங்கியதால் வீணானவை. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதை.

செய்முறை சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தை ‘நன்றாகக் காயவிடவும்’ என்று இரண்டே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். நன்றாக என்றால் எவ்வளவு நேரம்? காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதை வெயிலில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? எனக்கு இதற்கெல்லாம் பதில் சொன்னது அந்த அட்டைப்பெட்டிதான்.

பசை என்றால் எல்லாம் ஒரே பசை அல்ல

ஃபெவிகால் என்று நாம் பொதுப்பெயராகவே ஆக்கிவிட்ட வெள்ளைப் பசை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களால் ஆனது. தண்ணீர் வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணையும். பால் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகும். காகிதம், அட்டை, துணி, மரம் எல்லாம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் அவற்றில் அது நன்றாகப் பிடிக்கிறது. கண்ணாடியின் மேல் கண்ணாடிச் சில்லையும் பிளாஸ்டிக் மூடியின் மேல் பிளாஸ்டிக் மணியையும் அதே பசையால் ஒட்டினால் நடுவில் சிக்கிய தண்ணீர் எந்த வழியாகப் போகும்? இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். பசை மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அதிகம் ஊற்றினால் அதிகம் ஒட்டும் என்பது அடுத்த மயக்கம். பசை கூடினால் தண்ணீரும் கூடும். காகிதம் ஊறி நெளியும், அட்டை வளையும், காய்வதற்கும் இரட்டிப்பு நேரம் ஆகும். பழைய பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாகத் தடவி, துணிக் கிளிப் போட்டோ கனத்த புத்தகங்களுக்கு அடியில் வைத்தோ அரைமணி நேரமாவது அழுத்தி வையுங்கள். முழுப் பிடிமானம் வர ஒரு நாள் ஆகும். அதற்குள் தூக்கிச் சுவரில் மாட்டினால், மாட்டியது இரவில் தனியாக இறங்கி வரும்.

தெர்மாக்கோல் கோபுரம் உருகிய கதை வேறு. கரைப்பான் கலந்த ரப்பர் பசைகளும், டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஸ்பிரே பெயின்ட்டும் தெர்மாக்கோலைக் கரைத்துவிடும். கொலு மண்டபத்துக்குத் தங்க நிறம் அடிக்கலாம் என்று நான் பீய்ச்சிய ஐந்தாவது நொடியில் கோபுரத்தில் குழிகள் விழுந்தன. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. எனக்கு இரண்டு நாள் வேலை. தெர்மாக்கோலுக்கு வெள்ளைப் பசையும், தண்ணீரில் கரையும் பெயின்ட்டும்தான் சரி. கட்டாயம் ஸ்பிரேதான் வேண்டும் என்றால் முதலில் வெள்ளைப் பசையை இரண்டு முறை பூசி, காயவைத்து, ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

பட்டுநூல் வளையலின் நுனியை ஒட்டுவதற்கு எல்லோரும் கையில் எடுப்பது ஃபெவிக்விக் வகைப் பசை. அது காற்றிலும் தோலிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவதால், விரல்கள் கண நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். பலருக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று உண்டு: சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைத்தால் வேதிவினையில் சூடேறிக் கையைச் சுட்டுவிடும், புகைகூட வரலாம். பிள்ளைகள் உள்ள மேசையில் அதை நான் வைப்பதே இல்லை. குளூ கன்னும் அப்படித்தான். முனையின் சூடு கொப்புளம் போட வைக்கும், அது பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு மைதா பசையே போதும். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பட்டம் ஒட்டிய தலைமுறை நாம். ஆனால் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஒட்டவில்லை என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. அடுப்பில் வைத்துக் கிளறி, மாவு வெந்து பளபளப்பு ஏறிய பிறகுதான் அது பசை. பூச்சி வராமலிருக்கச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டுப் பசையில் வேண்டாம். மைதாவால் ஒட்டியதை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து.

காகிதக் கூழும் ஆடிக் காற்றும்

முறத்தின் இடுக்குகளை அடைக்கக் காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துப் பூசும் வழக்கம் நம் கிராமத்து வீடுகளில் இருந்தது. அதே கூழைக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் கூடையும் கிண்ணமும் செய்வார்கள். செலவே இல்லாத, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. கையெல்லாம் கூழாகும், யாரும் திட்டமாட்டார்கள்.

செய்தித்தாளைக் கிழித்து ஓரிரு நாள் ஊறவையுங்கள். வழவழப்பான வார இதழ்த் தாளைச் சேர்க்காதீர்கள்; மேலே பூச்சு ஏற்றிய தாள் எளிதில் கூழாகாது, அரைத்தாலும் செதில் செதிலாக நிற்கும். ஊறிய தாளைப் பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு அரைத்தால் பிடிப்பான விழுது கிடைக்கும். அப்பும் பாத்திரத்தின் மேல் எண்ணெய் தடவ மறந்தால் கிண்ணத்தையும் பாத்திரத்தையும் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இன்றும் காகிதச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

பூசணம் பூத்த கிண்ணத்தில் நான் செய்த தவறு, ஒரே மூச்சில் விரல் கனத்துக்கு அப்பியது. மேல்தோல் ஒரே நாளில் காய்ந்து, உள்ளே இருந்த ஈரத்துக்கு மூடிபோல் ஆகிவிட்டது. பார்க்கக் காய்ந்ததாகத் தெரிந்ததால் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் நாற்றம், இரண்டாம் வாரத்தில் பச்சைப் புள்ளிகள். தோசைக் கனத்துக்கு ஒரு பூச்சு, அது காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று போக வேண்டும். ஓரம் இறுகியதும் உள்ளே இருக்கும் பாத்திரத்தை உருவிவிட்டால் இரண்டு பக்கமும் காற்று படும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அறையின் சூட்டிலேயே இருந்தால் காய்ந்துவிட்டது. காகிதக் கூழுக்கும் மண்ணுக்கும் பொதுவான சோதனை இது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

நவராத்திரி புரட்டாசியில் வருகிறது. அதைத் தொட்டு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழையில் துவைத்த துணியே காயாதபோது காகிதக் கூழ் எங்கே காயும்? கொலுவுக்குக் காகித பொம்மை செய்ய நினைப்பவர்கள் ஆடியிலேயே கூழ் ஊறவைத்துவிட வேண்டும். ஆடிக் காற்று காகிதத்துக்கு நல்ல நண்பன்.

மண்ணுக்கு அது எதிரி. களிமண் தண்ணீர் போகப் போகச் சுருங்கும். பிள்ளையாரின் காதும் தும்பிக்கையும் மெல்லியவை, தொந்தி கனத்தது. வெயிலிலோ மின்விசிறிக்கு நேராகவோ வைத்தால் காது முந்திக் காய்ந்து சுருங்கிவிடும், தொந்தி ஈரத்தோடு பெருத்தே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பில் ஒட்டிய இடத்தில் விரிசல் விழும். சதுர்த்திக்கு முந்தைய நாள் மாலை பிடித்து, இரவெல்லாம் விசிறிக்கு அடியில் வைத்து, விடிந்ததும் தும்பிக்கை இல்லாத பிள்ளையாரைப் பார்த்தபோது என் மாமியார் சொன்னார்: “அவசரம் உனக்குத்தானம்மா, மண்ணுக்கு இல்லை.”

நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள். மெல்லிய பகுதிகளின் மேல் முதல் நாள் ஈரத்துணி போட்டு வைத்தால் எல்லாம் ஒரே வேகத்தில் காயும். கைகால்களை வெறுமனே அழுத்தி ஒட்டாமல், ஒட்டும் இரண்டு பக்கமும் பல்குச்சியால் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவிப் பொருத்த வேண்டும். தொந்தியை அடிப்பக்கமாகச் சிறிது குடைந்துவிடுவது இன்னும் நல்லது. வாளித் தண்ணீரில் கரைக்கப்போகும் பிள்ளையார் என்றால் எனாமல் பெயின்ட் எதற்கு? மஞ்சளும் குங்குமமும் போதும்.

சுட்ட மண்ணில் வேறு சிக்கல். பெயின்ட் அடித்த மண்தொட்டியில் செடி வைத்தால், ஊற்றும் தண்ணீர் உள்ளிருந்து கசிந்து பெயின்ட்டைக் கொப்புளமாக எழுப்பிவிடும். உள்பக்கம் நீர் கசியாத பூச்சு அடியுங்கள். இல்லையென்றால் செடியைச் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்கிவிடுங்கள். கார்த்திகை அகல் விளக்குகளைப் பொறுத்தவரை வரிசையை மாற்றாதீர்கள். புது விளக்கு எண்ணெயைக் குடிக்காமல் இருக்க ஓரிரவு தண்ணீரில் ஊறவைப்போம் அல்லவா, அது முதலில். பிறகு முழுவதும் காயவைத்து, அதற்கப்புறம் பெயின்ட். அதுவும் வெளிப்பக்கம் மட்டும், திரி வைக்கும் மூக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி. மூக்குவரை அடித்த விளக்கு பெயின்ட் கருகும் நாற்றத்தோடுதான் எரியும், தீ பற்றவும் கூடும்.

கண்ணாடி பாட்டிலில் பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய்ப் பசைதான். பாட்டிலில் ஒட்டிய லேபிளை எடுக்கத் தேங்காய் எண்ணெய் அருமையாக வேலை செய்கிறது. அதைப் பாத்திர சோப்பால் இரண்டு முறை கழுவாமல் விட்டால் மேலே எதுவும் நிற்காது. கொட்டாங்கச்சிக்கும் இதே விதி: உப்புத்தாளால் தேய்த்து, ஒட்ட வேண்டியதை ஒட்டி முடித்தபிறகுதான் பளபளப்புக்கு எண்ணெய்.

இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறானது மாக்கோலம். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்துப் போடும்போது கோடு நீர்த்துத் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாத புதுக்கைகள் வெள்ளை போதவில்லை என்று அதே கோட்டில் மூன்று முறை போகும், மாவையும் கெட்டியாக்கும். காய்ந்ததும் அது தடித்து வெடித்து, பக்கு பக்காகப் பெயரும். ஒரு கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் போய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

சுவரில் மாட்டுவதைப் பற்றி ஒன்றுதான். சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் இருபக்க டேப் நிற்காது. சுவர்ப்பொடியோடு சேர்ந்து விழும். ஆணிதான் வழி. வாடகை வீடு என்றால் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பிள்ளைகளைக் காத்திருக்க வைப்பது எப்படி

நாளைக்குத்தான் பெயின்ட் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொன்னால் அழும். அந்த அழுகைக்குப் பயந்துதான் நான் பல தடவை ஈரத்தின் மேலேயே பெயின்ட் கொடுத்தேன். அதைவிட மோசமானது, பிள்ளை தூங்கியபின் நாமே உட்கார்ந்து அழகாக முடித்துவிடுவது. காலையில் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது தன்னுடையது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அந்தப் பெட்டியில் நான் முடித்துக்கொடுத்த முகமூடி ஒன்றும் இருக்கிறது. பழுதே இல்லை, ஆனால் என் மகள் அதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைத் தொடங்குகிறோம். ஒன்று காய வேண்டியது, மற்றொன்று காய வேண்டிய தேவையே இல்லாதது. கூழ் அப்பிய கையைக் கழுவிவிட்டு, தென்னங்குருத்தில் கிளியும் கிலுகிலுப்பையும் மடிக்கலாம், மாவிலை கோக்கலாம், வண்ணத்தாளில் தோரணம் வெட்டலாம். அன்றைக்கே கையில் பிடித்து ஓட ஒன்று கிடைத்துவிட்டால், மற்றதை மறுநாள்வரை விட்டுவைக்கப் பிள்ளைகள் சம்மதிப்பார்கள்.

காய வைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாள், நேரம் எழுதிய துண்டுச்சீட்டு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எழுதுவது மூத்தவள். கீழே கொட்டை எழுத்தில் ‘தொடாதே’ என்றும் சேர்த்துவிடுகிறாள். இளையவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. சீட்டு இருக்கும் இடத்தில் புதிதாக ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. நேராக அங்கேதான் போகிறான்.