கிளினிக் சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு முன்

டெமோவில் எல்லா சாஃப்ட்வேரும் நன்றாகத்தான் ஓடும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "நாளைக்கு இதை விட்டுப் போனால் பதிவுகளை எப்படித் தருவீர்கள்?" என்பதுதான். பெயர்ப் பட்டியலும் பில்லும் மட்டும் எக்செலில் வந்தால் போதாது. வருகைக் குறிப்பு, மருந்துச் சீட்டு, லேப் முடிவு, ஸ்கேன் செய்த தாள் எல்லாம் நோயாளி எண்ணோடு சேர்ந்து வர வேண்டும். வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, உங்கள் மேசையில் உட்கார்ந்தே சோதியுங்கள். பழைய சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஒரு மாத்திரையை மட்டும் மாற்றிச் சீட்டு அச்சடிக்க எத்தனை கிளிக்? மாலை ஓபியில் 60 டோக்கன் என்றால், ஆளுக்கு அரை நிமிடம் கூடினாலே அரை மணி நேரம் போய்விடும். நெட்டைத் துண்டித்துவிட்டும் ஒரு சீட்டுப் போட்டுப் பாருங்கள்.

பழைய பதிவுகளை மாற்றும்போதுதான் உண்மையான தலைவலி. முழுவதையும் ஏற்றுவதற்கு முன் 50 நோயாளிகளை மட்டும் ஏற்றிப் பழைய திரையையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நேரான கேஸ்களை விட்டு, ஃபைல் தடித்தவர்களாகப் பொறுக்குங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் புதியதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பழையது சேமித்து வைத்திருப்பதே அதைத்தான். தமிழாகக் காட்டியது எழுத்துரு. ஏற்றும் முன்பே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இடையில் யாராவது பதிவுகள் வரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) எக்செலில் திறந்து சேமித்தால், 14 இலக்க ஆபா எண் (அரசு தரும் சுகாதார அடையாள எண்) சுருங்கிக் கடைசி இலக்கங்கள் தொலையும். 03/04 ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பமும் சேரும். அந்தக் கலங்களை எழுத்து வகையாக இறக்குமதி செய்யுங்கள்.

வயது இன்னொரு கண்ணி. 2018இல் 54 என்று பதிந்தவர் இன்றும் 54 ஆகவே நிற்பார். பதிந்த தேதியிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, 'தோராயம்' என்று குறித்து ஏற்றச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு மருந்தளவைக் கணக்கிடும் இடத்தில் இது விளையாட்டல்ல. பென்சிலின் அலர்ஜியைக் குறிப்புக்குள் எழுதி வைத்திருந்தால் அது எச்சரிக்கைப் பெட்டிக்குத் தானாகப் போகாது. 'அலர்ஜி', 'ஒத்துக்கொள்ளாது' என்று தேடி, கையால்தான் ஏற்ற வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் ரிசப்ஷனில் இருப்பவரிடம் தள்ளாமல் மருத்துவரே பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை மாலை ஓபி முடிந்ததும் பழையதில் பதிவதை நிறுத்துங்கள். இரண்டு பேக்கப் எடுத்து, ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். ஞாயிறு ஏற்றி, நோயாளி எண்ணிக்கை, வருகை எண்ணிக்கை இரண்டையும் ஒப்பிடுங்கள். திங்களன்று டோக்கனைப் பாதியாக்குங்கள்.

பழைய கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றி, படிக்க மட்டும் வைத்திருங்கள். உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. உரிமம் காலாவதியானால் பழைய சாஃப்ட்வேர் திறந்து பார்க்கவாவது விடுமா என்பதை, கடைசித் தவணையைக் கட்டாமல் நிறுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.